பிரகாசியின் அலறல் போன வழி

தருவைப்பட்டினத்தில் அந்த வருஷத்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய பதினேழாம் நாள், காலை பதினொரு மணிக்கு, மூடிக் கிடந்த ஐஸ் பாக்டரிக்குள் ஒரு நாடகத்துக்காகப் பிரகாசி போட்ட அலறல், அவள் வாயை மூடிய பிறகும் ஓயவில்லை. எதிரொலியைப் போலச் சுவரில் மோதித் தேய்ந்து போகாமல், நாற்காலியில் உட்கார்ந்த ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், ஒரு தண்ணீர்க் குடம் அளவுள்ள இடத்தில், மூச்சு வாங்காமல், ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது. முதலில் நாடகக்காரர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டு, அடுப்பில் உலை கிடக்கிறதென்று திரும்பிப் போனது.

அந்த நாடகம் இத்தாலி தேசத்தில் நானூறு வருஷத்துக்கு முன்னால் நடப்பதாக எழுதப்பட்ட துன்பியல் கதை. ஒரு பிரபு தன் அண்ணனை, இற்றுப்போனதென்று தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். கப்பல் திரும்பவில்லை. அண்ணியைக் கூப்பிட்டு, கடல் கொண்டு போய்விட்டது என்கிறான். அவள் நம்புகிறாள், பிறகு நம்பாமல் போகிறாள், கடைசியில் ஒரு விருந்தில் அவனைக் கத்தியால் குத்தித் தானும் சாகிறாள். திரை விழும்போது மேடையில் ஐந்து பிணம்.

அதைப் போட வந்தவள் சங்கரவடிவு. பாளையங்கோட்டையில் பிறந்து, வசனம் இல்லாமல் உடம்பையும் குரலையும் மட்டும் வைத்து நாடகம் போடுவதைப் பதினைந்து வருஷம் ஊர் ஊராகப் போய்க் கற்றவள். தருவைப்பட்டினத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மூல நாடகத்தில் பக்கம் பக்கமாக இருந்த பேச்சையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பிரபுவுக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டு வைத்தாள்: கடல். மற்றதெல்லாம் உடம்பும் மூச்சும். நாலு பேர் மல்லாந்து படுத்து முதுகை வளைத்தால் அது கப்பல். அவர்கள் பல்லைக் கடித்துத் தொண்டைக்குள் உறுமினால் அது பலகை இற்றுப் போகும் சத்தம். தடைக்காலத்தில் வேலையில்லாமல் இருந்த ஊர் ஜன்னலில் தொற்றிக்கொண்டு இதையெல்லாம் பார்த்து, இவர்களுக்கு வயிற்று வலியா, வேண்டுதலா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டது.

ஐஸ் பாக்டரியைச் சும்மா கொடுத்தவர் தல்மேதா முதலாளி. ஊரின் விசைப்படகுகளில் பாதி அவருடையவை. கலை என்றால் அவருக்குப் பிரியம். முதல் நாள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்து, "நல்லா உருளுதாங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பிரகாசி நாடகக்காரி அல்ல. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். தடை இல்லாத நாட்டுப்படகுகள் கரையேறும் நேரத்தில் அவள் நின்று கூறினால் மூன்று தெருவுக்கு அப்பால் சமைப்பவர்களுக்கு இன்றைக்கு என்ன மீன் என்று தெரியும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சங்கரவடிவு அவளைத் தேடிப் போனாள்.

"அக்கா, நான் எட்டாவதோட நின்னவ. வசனம் மனசுல நிக்காது" என்றாள் பிரகாசி.

"வசனமே கிடையாது."

"அப்ப நான் எதுக்கு?"

"உனக்கு அடிவயித்துல இருந்து குரல் வருது. எங்க ஆளுங்களுக்கு மூணு வருஷமா சொல்லிக் குடுக்கேன், இன்னும் கழுத்துல இருந்துதான் வருது."

இப்படித்தான் அவள் நாடகத்தில் விதவையானாள். நிஜத்திலும் அவள் விதவைதான் என்பது சங்கரவடிவுக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் தல்மேதா முதலாளியின் 'அடைக்கலம்' என்ற படகில் போன ஏழு பேர் திரும்பவில்லை. அதில் ஒருவன் பிரகாசியின் புருஷன் சிலுவை. ஏழு பெண்களையும் முதலாளி தன் வீட்டு முன்ஹாலுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்து, கடல் கொண்டு போயிட்டு தாயி என்று சொல்லி, படகில் ஒரு குறையும் இல்லை, புயல் எச்சரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளை நீட்டினார். அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் கொழுந்தன்களும் அவர் படகுகளில்தான் தொழிலுக்குப் போனார்கள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதினேழாம் நாள், பிரபுவாக நடித்த கஜேந்திரன் என்கிற புதுச்சேரிக்காரன், அவளுக்கு எதிரில் முழங்கால் போட்டு, மெதுவாக, ஆறுதல் சொல்வதுபோல, "கடல்" என்றான். பிரகாசி அசையாமல் நின்றாள்.

"இதைக் கேட்டதும் இந்தம்மா என்ன செஞ்சிருப்பா?" என்று சங்கரவடிவு கேட்டாள்.

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டா. பேனாவை வாங்கியிருப்பா."

சங்கரவடிவுக்கு அது விளங்கவில்லை. "சரி, பேனாவை வாங்குறதுக்கு முந்தி?"

பிரகாசி ஏலம் கூற நிற்பதுபோலக் காலை அகட்டி ஊன்றி, தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்தாள்.

அவள் வாயை மூடியபோது அவளிடம் குரல் இல்லை. கிசுகிசுப்புக்கூட இல்லை. அது வெளியே, அவளுக்கு நாலடி முன்னால், தனியாக நின்றுகொண்டிருந்தது. சங்கரவடிவு அவளைக் கட்டிக்கொண்டு, மன்னிச்சிரு மன்னிச்சிரு என்றாள். ஆனால் தன் வாழ்நாள் முழுக்கத் தேடிய சத்தம் அதுதான் என்ற சந்தோஷம் உள்ளுக்குள் எழுந்ததையும், அதற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்ததையும் பல மாதம் கழித்துத்தான் அவளால் ஒருவரிடம் சொல்ல முடிந்தது.

ஊர் அலறலுக்குப் பழகிக்கொண்டது. பத்தடிக்குள் போனால் காது அடைக்கும்; இருபதடியில் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி; ஐம்பதடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் பார்த்துவிட்டு, இது பேயும் அல்ல, தேவ செய்தியும் அல்ல, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரைச் சோதித்து, எங்கள் பக்கம் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் தன் பெஞ்சுகளை ஐம்பத்தோராவது அடியில் போட்டுக்கொண்டார்.

ஆனால் மறுநாளே அது நகரத் தொடங்கியிருந்தது. ஐஸ் பாக்டரியின் கிழக்குச் சுவருக்குள் புகுந்து தெருவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு முப்பது அடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை, வளையாமல் நேராக. யாரோ தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு எந்தெந்த வீட்டின் வழியாகப் போகிறது என்று பார்த்து, அந்தந்த வீட்டார் அவரவருக்குரிய நாளில் பாத்திரம் பண்டங்களோடு எதிர்வீட்டுக்கு மாறினார்கள். எதிர்வீட்டார் அவர்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்தார்கள். தொட்டிலை மட்டும் இரண்டு நாள் முன்னதாகவே எடுத்துவிடுவது என்று பெண்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். நடக்க முடியாமல் படுத்திருந்த தொம்மை என்பவர் மாற மறுத்தார். அது அவர் கட்டிலுக்கு மேலாக, அவர் நெஞ்சின் வழியாக ஒரு முழு மத்தியானம் கடந்து போனது. சாயங்காலம் போய்ப் பார்த்தவர்களிடம், "குளுந்து இருந்துச்சு. பத்து வருசமா எனக்குக் காது கேக்காது. இது மட்டும் கேட்டுச்சு" என்றார்.

கோடு எங்கே போய் முடியும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர், பழக்க தோஷத்தில், நாளைக்கு முப்பது அடி போகிற பொருள் தொள்ளாயிரம் அடி தூரத்திலுள்ள வீட்டை எத்தனை நாளில் அடையும் என்று கணக்குப் போட்டார். பிள்ளைகள் முப்பது நாள் சார் என்று ஒரே குரலில் கத்தின. ஜன்னலில் பெற்றோர்கள் நிற்பதைப் பார்த்ததும் அவர் பலகையை அழித்துவிட்டு, வேறு பாடம் எடுத்தார். தொள்ளாயிரம் அடியில் இருந்தது தல்மேதா முதலாளியின் வீடு.

முதலாளி பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் வெள்ளை வேட்டி சட்டையோடு பிரகாசியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவளோடு அப்போது கித்தேரி இருந்தாள். அவளும் அந்த ஏழு பேரில் ஒருத்தி, பிரகாசிக்குக் குரல் போனதிலிருந்து அவளுக்காகப் பேசுகிறவள்.

"ஏளா பிரகாசி, விளையாட்டு போதும். உன் சத்தத்தை நீயே திருப்பிக் கூப்பிட்டுக்கோ" என்றார்.

"அவகிட்டதான் சத்தமே இல்லியே முதலாளி. எதை வச்சுக் கூப்பிடுவா?" என்றாள் கித்தேரி.

"யாரு இந்த நாடகத்தை எழுதிக் குடுத்தது? சாமியாரா? நீங்களா?"

"அது வெளிநாட்டுக் கதையாம். நானூறு வருசமாச்சாம்."

முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே பிரகாசியைப் பார்த்து, "உன் கொழுந்தன் மிக்கேல் என் 'உபகாரம்' படகுலதான் டிரைவரு. தடை முடிஞ்ச அன்னைக்கு விடியக்காலம் ஒம்பது பேரைக் கூட்டிக்கிட்டுப் போறான். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

பிரகாசி எழுந்து நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று கித்தேரியாலும் சொல்ல முடியவில்லை.

முப்பதாம் நாள் அலறல் முதலாளி வீட்டு மதிலுக்குள் போனது. குடும்பத்தாரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் இருந்தார். ஓடிப்போனான் என்று ஊர் சொல்லிவிடக் கூடாதென்று நினைத்தார். முன்ஹாலின் நடுவில், நாலு வருஷத்துக்கு முன்னால் எந்த இடத்தில் நாற்காலி போட்டு அந்தத் தாளை நீட்டினாரோ அதே இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊர் தெருவில் நின்றது. வேலைக்குப் போகாமல், வீட்டுக்கும் போகாமல், வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு தூக்கு நடக்கப் போவதைப் பார்க்க வந்தவர்களைப் போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றது. அலறல் வாசற்படியைத் தாண்டி, ஹாலுக்குள் நுழைந்து, முதலாளியின் நெஞ்சுக்குள் போய், இரண்டு மணி நேரத்தில் முதுகுப் பக்கமாக வெளியே வந்து, சமையலறையை நோக்கித் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது.

அவர் வெளியே வந்தார். வேர்த்திருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்தார்.

"பாத்தீங்கள்லா? நிக்கல. தாண்டிப் போயிட்டு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இனிமே எவனாவது கோடு போட்டான்னா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இருக்கவில்லை. ஊர் கலைந்தது. சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் கூச்சம். இத்தனை நாளும் மனசுக்குள் அவர்மேல் தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்று இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். கித்தேரி மட்டும் பிரகாசியிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். "அதுவும் அவருக்குப் பயந்துட்டு போல பிரகாசி" என்றாள்.

அலறல் முதலாளி வீட்டுப் பின்கட்டைத் தாண்டி, கருவாட்டுக் களத்தைத் தாண்டி, இன்னும் நேராகவே போனது. இப்போது யாரும் அதைப் பின்தொடரவில்லை. கடலுக்குள் போய்த் தொலையும் என்று நினைத்தார்கள். தடை முடிய நாலு நாள் இருக்கும்போது அது படகுத்துறையை அடைந்து, வரிசையாகக் கட்டியிருந்த படகுகளில், புதிதாக நீலப் பெயிண்ட் அடித்து நின்ற 'உபகாரம்' படகுக்குள் இறங்கி, அங்கே நின்றுவிட்டது.

வலை ஏற்ற வந்த ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலாளி வந்து, படகை அவிழ்த்து அடுத்த இடத்தில் கட்டச் சொன்னார். அவிழ்த்துக் கட்டினார்கள். அலறல் படகோடு கூடவே வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த மிக்கேல் படகுப் பக்கமாகக் குனிந்து காதைக் கொடுத்தான். அவனுக்கு முப்பது வயது, அதிகம் பேசாதவன்.

"சத்தம் கீழ இருந்து வருது முதலாளி. மீன் அறைக்குக் கீழ."

"அதனால என்னலே?"

"பலகையைத் தூக்கிப் பாக்கணும்."

"இப்பதான் வேலை பாத்து இறக்கியிருக்கு. தொடாத."

மிக்கேல் காதில் துணியை அடைத்துக்கொண்டு கடப்பாரையோடு உள்ளே இறங்கினான். முதலாளி கரையிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அலறலில் அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் ஏறி வந்திருக்க மாட்டான் என்று பிற்பாடு சொன்னான். மீன் அறையின் தரைப் பலகை இரண்டைப் பெயர்த்து, அடியில் கையை விட்டான். பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்த அடிப்பலகை ஊறவைத்த ரொட்டியைப் போல அவன் விரலோடு வந்தது. அந்த ஈர மரத்தை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு மேலே வந்து, படகுத்துறைச் சிமெண்ட்டில், முதலாளியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுலயா எங்களை அனுப்பப் பாத்தீங்க?" என்றான். பிறகு, அதைவிட மெதுவாக, "எங்க அண்ணன் போனதும் இப்படி ஒண்ணுலதானா?"

முதலாளி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, காற்று இல்லாத, அலை இல்லாத, குளம் போலக் கிடந்த தண்ணீரில், பத்து மணி வெயிலில், 'உபகாரம்' தன் பாட்டுக்குச் சாய்ந்தது. யாரும் ஏறாமல், எதுவும் மோதாமல், முதலில் பின்பக்கமும் பிறகு நீலப் பெயிண்ட்டும் பிறகு கொடிக்கம்பும் உள்ளே போயின. அலறலும் கூடவே போனது. கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது, பிறகு குமிழாக வந்தது, பிறகு அதுவும் இல்லை. நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு ஊர் அமைதியாக இருந்தது. தொழிலுக்குப் போக இருந்த ஒன்பது பேரில் ஒருவன் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

தடை முடிவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஐஸ் பாக்டரியில் நாடகம். வேண்டாம், நிறுத்திவிடுவோம் என்று சங்கரவடிவு சொன்னாள். பிரகாசி தலையை ஆட்டி மறுத்தாள்; தன் நெஞ்சில் கை வைத்து, மேடையைக் காட்டினாள். ஊர் முழுக்க வந்தது. தல்மேதா முதலாளியும் வந்தார். வராமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். முன்வரிசையில் அவருக்கென்று எப்போதும் போடுகிற நாற்காலி போட்டிருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை.

கப்பல் உறுமியது. உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. கஜேந்திரன் பிரகாசிக்கு முன்னால் முழங்கால் போட்டான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு இப்போதெல்லாம் பயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"கடல்."

பிரகாசி காலை அகட்டி ஊன்றினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் மூடவும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண் நிறைய, திறந்த வாயோடு நின்றாள். ஊர் அந்த இருண்ட வாயைப் பார்த்துக்கொண்டு, அடுத்து வரவேண்டியது வராமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து கித்தேரி பேசினாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"'அடைக்கலம்' போன அன்னைக்குப் புயல் கூண்டு ஏத்தியிருந்துச்சு. நான் பாத்தேன்."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "டிரைவரு போக மாட்டேன்னு சொன்னாரு. முதலாளி வேற ஆளை வச்சுக்கிடுவேன்னாரு. நான் பக்கத்துல நின்னேன்."

"அந்தப் படகோட அடிப்பலகைக்குப் பூச்சு வேலை பாத்தது நாந்தான்" என்றார் ஒரு கிழவர். "இத்த மரம்னு எனக்குத் தெரியும். பூசச் சொன்னாங்க, பூசுனேன்."

"நான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள் ஒருத்தி.

"நானும் போட்டேன்."

"நாங்க எல்லாரும் போட்டோம்."

ஒவ்வொருவராக, உரக்கப் பேசாமல், இன்னொருவர் முடிக்கும்வரை பொறுத்து, ஜெபமாலையில் மணி நகர்வதுபோல அது வரிசை வரிசையாக நகர்ந்தது. நாலு வருஷமாக ஊர் தனித்தனியாக வைத்திருந்ததையெல்லாம் அந்த ஐஸ் பாக்டரிக்குள் ஒரே மத்தியானத்தில் இறக்கி வைத்தது. ஏழு பெண்களும் தாளைத் திரும்பப் பெறுவதாக மனுக் கொடுத்தது, வழக்கு நடந்தது, முதலாளியின் மற்றப் படகுகளையும் அதிகாரிகள் ஏறிப் பார்த்து மூன்றைத் துறையிலேயே நிறுத்தியது எல்லாம் பிறகுதான். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் குரலும் ஓய்ந்தபோது, அவர் பிரகாசியைப் பார்த்து, அவள்தான் கேட்டாள் என்பதுபோல, "இத்த மரம்னு எனக்கும் தெரியும்" என்றார்.

அதற்கு மேல் நாடகத்தில் விருந்து இருந்தது. கத்தி இருந்தது. கஜேந்திரன், எழுதியிருந்தபடி, மரக்கத்தி வைத்த தட்டைக் கையில் ஏந்தி நின்றான். முன்வரிசை நாற்காலிக்கும் மேடைக்கும் நடுவில் ஆறடிகூட இல்லை. சங்கரவடிவு ஓரத்தில் நின்று, தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

பிரகாசி வாயை மூடினாள். தட்டைப் பார்த்தாள். பிறகு மேடையிலிருந்து இறங்கி, முதலாளியின் நாற்காலியை ஒட்டியே நடந்து, மூன்றாம் வரிசையில் கித்தேரி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். கித்தேரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் அன்று யாரும் சாகவில்லை. நடிகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல், படுத்திருந்த இடத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, உடம்பிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்கள்.